அக்கவுண்ட் மாறிவிட்டது என்று மெயில் வந்தால்

அம்மிணி,

சத்தியிலிருந்து திருப்பூர் போய், ஏற்றுமதி கம்பெனியில் பேமெண்ட் மேசையில் உட்காரப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்தது. டேலியும் ஜிஎஸ்டியும் அங்கேயே சொல்லித் தருவார்கள். ‘எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இந்த நம்பருக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று ஒரு நாள் மெயில் வருமே, அதைப் பற்றி உட்காரவைத்துச் சொல்ல அங்கே யாருக்கும் பொழுது இருக்காது. கணக்கு மேசையிலும் இன்சூரன்ஸ் கிளெய்ம் ஃபைல்களிலும் ஆயுசைக் கழித்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. கேட்கக் கூச்சப்படாதே. நம் பூ மார்க்கெட்டில் மல்லி விலை போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அங்கே பணம் வாங்குகிறவன் முகம் தெரியும், குரல் தெரியும், அவன் அப்பன் பேரும் தெரியும். சீனாவில் ஜிப் விற்கிறவரும் ஜெர்மனியில் பனியன் வாங்குகிறவரும் உனக்கு வெறும் எழுத்தாகத்தான் வருவார்கள். எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பழகிய பார்ட்டியைச் சந்தேகப்படுவது மரியாதையில்லை என்று உனக்குத் தோன்றும். நம் பக்கத்தில் நல்லபடியாக வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கூச்சம் உண்டு. திருடன் நம்பியிருப்பது அதைத்தான். ‘ஏனுங்க, அக்கவுண்ட் மாத்தீட்டீங்களா?’ என்று நீ கூப்பிட்டால், நல்ல பார்ட்டிக்குக் கோபம் வராது. கேட்டுக் கொடுத்த காசு கெட்டுப் போகாது.

2. கேட்பதையும் சரியான இடத்தில் கேள். அப்பாச்சி என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிக்கு, பெட்ரோஃபேக் என்ற சப்ளையர் பேரில் ஒரு போன் வந்தது. அக்கவுண்டை மாற்றச் சொன்னார்கள். ‘லெட்டர்பேடில் எழுதி அனுப்புங்கள்’ என்றார் ஊழியர். சரியான பதில். சில நாளில் லெட்டர்பேடும் மெயிலில் வந்தது. அதில் அச்சடித்திருந்த நம்பருக்கே கூப்பிட்டு உறுதி செய்துகொண்டார்கள். எடுத்துப் பேசியது திருடனின் ஆள். சுமார் 70 லட்சம் டாலர் போயிற்று. பெரும்பகுதி திரும்பியது, முழுதும் திரும்பவில்லை. அவர்கள் அசட்டையாக இல்லை, அம்மிணி. சரிபார்த்தார்கள். சரிபார்த்த இடம் திருடனுடையதாக இருந்தது. மாற்றச் சொல்லும் கடிதத்தில் உள்ள நம்பரைத் தொடாதே. ஒப்பந்தத்தில் இருக்கிற, முன்பே நீ பேசிப் பழகிய நம்பருக்குக் கூப்பிடு.

3. மெயில் முகவரியை எழுத்துக் கூட்டிப் படி. 2015இல் ஓஎன்ஜிசி நாஃப்தா விற்ற பணம் 197 கோடி ரூபாய், சவுதி அராம்கோவிடமிருந்து வரவேண்டியது, வேறு அக்கவுண்டுக்குப் போய்விட்டது. ஓஎன்ஜிசி அதிகாரியின் முகவரி போலவே இன்னொன்றை உண்டாக்கியிருந்தார்கள். கம்பெனிப் பேரில் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

4. முதலாளி பேரில் வந்தாலும் நில். 2018இல் இத்தாலியக் கம்பெனியான டெக்னிமோன்ட்டின் இந்தியக் கிளைக்குத் தலைமையிடத்துப் பெரியவர் எழுதியது போல மெயில் வந்தது. ரகசியமாக ஒரு கம்பெனியை வாங்கப் போகிறோம், அவசரம் என்று. போனில் கூட்டம் போட்டு வக்கீல் மாதிரியும் அதிகாரி மாதிரியும் பேசினார்கள். 1 கோடியே 86 லட்சம் டாலர் ஹாங்காங் போயிற்று. இப்போது வீடியோவில் முகத்தையே போலியாக உண்டாக்குகிறார்கள். ரகசியமும் அவசரமும் ஒன்றாக வந்தால் எழுந்து போய் முதலாளியின் அறைக் கதவைத் தட்டு. அவர் திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்குவது உன் வேலையில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்.

5. பேங்க் பார்த்துக்கொள்ளும் என்று விடாதே. உள்நாட்டுப் பரிமாற்றத்தில் அக்கவுண்ட் நம்பரை மட்டும் பார்த்தே பணத்தை வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. பேர் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. ஆர்டிஜிஎஸ், நெஃப்டில் அனுப்புமுன் பெறுகிறவர் பேரைத் திரையில் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அதைப் பார். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்ற 2017 விதியை நம்பிப் பலர் ஏமாந்தார்கள். அது உனக்குத் தெரியாமல் யாரோ எடுத்த பணத்துக்கு. நீயே பாஸ்வேர்ட் போட்டு அனுப்பியதற்கு அந்த விதி வராது.

6. ஒப்பந்தத்தை நல்ல நாளில் எழுதிவிடு. பணம் காணாமல் போனபிறகு வருகிற சண்டை, அந்த நஷ்டம் யாருடையது என்பதுதான். சரக்கு வந்துவிட்டது, வாங்கியவர் பணமும் கட்டிவிட்டார், விற்றவர் கையில் மட்டும் காசில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள். திருடன் எங்கோ இருக்கிறான். அமெரிக்காவில் இரண்டு கார் வியாபாரிகளுக்குள் இப்படி நடந்தது. இருபது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் பணம் 7,36,225 டாலர், விற்றவரின் மெயிலுக்குள் புகுந்த திருடனுக்குப் போயிற்று. வாங்கியவர் மறுபடி கட்டவேண்டும் என்றது கீழ்க் கோர்ட். மெயிலைக் காக்காமல் விட்டவர் குற்றம் எவ்வளவு, கேட்காமல் அனுப்பியவர் குற்றம் எவ்வளவு என்று எடைபோட்டுப் பாருங்கள் என்று 2018இல் திருப்பி அனுப்பியது மேல் கோர்ட். காகிதத்தில் நாலு வரி எழுதியிருந்தால் இத்தனை வருஷம் அலைந்திருக்க வேண்டாம்.

அந்த நாலு வரி இவை. எங்கள் அக்கவுண்ட் இந்த ஒப்பந்தத்தில் அச்சடித்திருப்பது மட்டுமே. மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அது மாறாது. மாற்றவேண்டுமானால் பேர் குறித்த இருவர் கையெழுத்திட்ட கடிதம் கூரியரில் வரும், அதை இங்கே எழுதியுள்ள நம்பரில் பேசி உறுதி செய்தபிறகே செல்லும். இதை மீறிக் கட்டினால் கடன் தீர்ந்ததாகாது. கடன் கொடுத்தவர் சொன்ன முறைப்படி நிறைவேற்றலாம் என்ற கருத்து நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 50ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உன் முறையை நீ எழுதிவைத்தால்தான் அது துணைக்கு வரும். ஒவ்வொரு இன்வாய்ஸின் அடியிலும் இதைப் போடச் சொல். புதிதாகச் சேர்ந்த பெண் இதைச் சொல்வதா என்று தயங்காதே. சரக்கு வாங்குகிற பையருக்கும் இது காவல்தான்.

7. பாலிசி இருக்கிறது என்ற பேச்சோடு நிற்காதே, எடுத்துப் படி. நம் பக்கத்துக் கம்பெனிகளில் தீ பாலிசி இருக்கும், திருட்டு பாலிசி இருக்கும், பணம் எடுத்துப் போகும்போது பறிபோனால் மணி பாலிசி, வேலைக்காரர் கையாடினால் ஃபிடிலிட்டி பாலிசி. உன்னைப் போல நேர்மையான ஒருத்தி, ஏமாந்து, தன் கையாலேயே அனுப்பிய பணத்துக்கு இவற்றில் ஒன்றும் நேராக வராது. சைபர் பாலிசியோ கம்ப்யூட்டர் மோசடிப் பிரிவோ இருந்தாலும், கம்ப்யூட்டருக்குள் புகுந்து எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். அப்பாச்சியின் கிளெய்ம் 2016இல் அப்படித்தான் விழுந்தது: மெயில் ஒரு சின்னப் பங்கு, அனுப்பியது நீங்களே என்றது கோர்ட். மிச்சிகனில் டை என்னும் உலோக அச்சு செய்யும் அமெரிக்கன் டூலிங் சென்டர், நம் கோயம்புத்தூர் பட்டறைக்காரர்களைப் போன்றவர்கள், சீன சப்ளையர் பேரில் வந்த மெயிலை நம்பி எட்டு லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அவர்களுக்கு 2018இல் மேல் கோர்ட் கிளெய்ம் உண்டு என்றது. ஒரே மாதிரி ஏமாற்று, இரண்டு தீர்ப்பு. அந்த அச்சுக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது வேறு. உண்மையான சப்ளையரை விரட்டவில்லை. பாதியைக் கட்டி, மீதியை கிளெய்ம் வந்தால் தருவதாகப் பேசி முடித்தார்கள். உறவு நின்றது.

அதனால் ஏஜென்டிடம் மூன்றை எழுத்தில் கேள். ஏமாற்றி அனுப்பவைத்த பணத்துக்கென்று தனிப் பிரிவு உண்டா? அதற்கு உச்சவரம்பு என்ன? மொத்தப் பாலிசி கோடியில் இருக்கும், இந்தப் பிரிவு சில லட்சத்தோடு நின்றுவிடும். நம் மெயிலுக்குள் திருடன் புகுந்து, நம் பையர் அவனுக்குக் கட்டிவிட்டால் வருமா? திருப்பூருக்கு இந்த மூன்றாவது கேள்விதான் உயிர். ஈசிஜிசி பாலிசி இருக்கிறதே என்பார்கள். பையர் திவாலானால், பணம் தராமல் போனால் என்று போட்ட பாலிசி அது. தவறான இடத்தில் கட்டிவிட்டேன் என்கிற பையருக்கும் வரும் என்று நீயாக எண்ணிக்கொள்ளாதே.

8. படிவத்தில் பொய் எழுதாதே. ‘அக்கவுண்ட் மாற்றங்களைப் போனில் உறுதி செய்கிறீர்களா?’ என்று பாலிசி எடுக்கும்போது கேட்பார்கள். நான் பார்த்த ஒரு நூல் மில்லில், ப்ரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டான். முதலாளி படிக்காமல் கையெழுத்திட்டார். கிளெய்ம் வந்த நாளில் சர்வேயர் கேட்டது ஒன்றே ஒன்று: கூப்பிட்டதற்குப் பதிவு எங்கே? மேசையில் பதில் சொல்ல ஆளில்லை. செய்யாததைச் செய்கிறோம் என்று எழுதினால், அந்த ஒரு டிக் மார்க் பாலிசியையே தின்றுவிடும். ஒரு நோட்டு போட்டு வை. தேதி, நேரம், கூப்பிட்ட நம்பர், பேசியவர் பேர். இன்னொருவர் கையெழுத்து.

9. நடந்துவிட்டால் மறைக்காதே. பழைய கிளெய்ம் ஃபைல்களில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். பயந்துபோன ஒரு பிள்ளை இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கும். அந்த இரண்டு நாளில் பணம் நாலைந்து அக்கவுண்ட் தாண்டியிருக்கும். தெரிந்த நிமிஷமே முதலாளியிடம் சொல். பேங்குக்குப் போன் செய்து பணத்தை நிறுத்தச் சொல். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கு. வெளிநாட்டுக்குப் போன பணமானால் திருப்பி அழைக்கும் ஸ்விஃப்ட் செய்தி அனுப்பும்படி பேங்கில் எழுதிக் கொடு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே மெயில் போடு. தாமதத்தைக் காரணம் காட்டிக் கையை விரிக்க இடம் தராதே. வந்த மெயில்களில் ஒன்றையும் அழிக்காதே. அன்றைக்கு ராத்திரி எனக்கும் ஒரு போன் பண்ணு, கண்ணு. எந்நேரமானாலும் எடுப்பேன்.