டீக்கடையில் அரசியல் பேசலாமா?

கேள்வி: எங்கள் கிராமத்து டீக்கடையில் விடிந்தால் அரசியல் புலம்பல், நடுவே கேலியும் கிண்டலும். 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று போர்டு மாட்டப்போவதாகச் சொல்கிறார் கடைக்காரர். சரிதானா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். திராவிட இயக்கம் ஊர் ஊராக வேர்விட்டதில் டீக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் படிப்பகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார்; எழுத்தறியாதவரும் கேட்டுவிட்டு எதிர்க்கேள்வி போடுவார். வேறு வேறு கட்சிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வாரிவிட்டு, பிறகு சேர்ந்து டீ குடிக்கிறார்களே, அந்தப் பழக்கம் போனால் ஊரில் பகைதான் மிஞ்சும். பேச்சில் சாதியையோ வீட்டுப் பெண்களையோ இழுத்தால் மட்டும் கடைக்காரர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

என் வருத்தம் வேறு. ரோடு, குடிநீர், ரேஷன் என்று அங்கே கொட்டுகிற கோபம் கிராம சபைக்கு வந்து சேர்வதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 கூட்டங்கள் உண்டு. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை அங்கே எந்த வாக்காளரும் கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கு அந்த பெஞ்சுக்காரர்கள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு போங்கள்.