பண்பாடு பிறவியில் வருவதா?

பிறந்த குழந்தைக்கு அழத் தெரியும். பால் குடிக்கத் தெரியும். ஆனால் வலக்கையால் உண்ணவோ, பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்கவோ, வாசலில் கோலமிடவோ தெரியாது. இவற்றை அது பிறரிடமிருந்தே கற்கிறது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கற்று வருவதே பண்பாடு. மனிதரின் உடலமைப்பு, மொழி, பழக்கவழக்கங்கள் முதலியவற்றை ஆராயும் இயலுக்கு மானிடவியல் என்று பெயர்.

அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் யாவும் சேர்ந்ததே பண்பாடு என்றும், மனிதன் சமுதாயத்தில் வாழ்வதாலேயே அதனைப் பெறுகிறான் என்றும் ஆங்கிலேய அறிஞர் எட்வர்டு டைலர் 1871-ஆம் ஆண்டு விளக்கினார்.

நம் வயதில் சிறிது கோபப்பட்டாலும், "எல்லாம் வயதுக் கோளாறு" என்கின்றனர் வீட்டில். அது உண்மைதானா? ஏறக்குறைய இதே கேள்வியுடன் 1925-இல் கடல் கடந்து சென்றார் மார்கரெட் மீட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அப்போது அவருக்கு வயது 23. பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவாத் தீவுகளுக்குச் சென்று, அம்மக்களின் மொழியைக் கற்று, அங்குள்ள பெண்களுடன் பழகினார். அங்கே ஆறேழு வயதுச் சிறுமியே கைக்குழந்தைகளைத் தூக்கி வளர்த்தாள். சற்று வளர்ந்ததும் பெரியவர்களைப் பார்த்துப் பாய் முடையக் கற்றாள். அவர்களுக்கு வீடே பள்ளி!

அப்பெண்கள் மனக்கொந்தளிப்பு அதிகமின்றியே வளர்கின்றனர். எனவே கொந்தளிப்புக்கு வயது மட்டும் காரணமன்று, வளரும் சூழ்நிலையும் காரணம் என்று 1928-இல் வெளியான தம் நூலில் மீட் எழுதினார். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என 1983-இல் டெரக் ஃபிரீமன் என்னும் அறிஞர் மறுத்தார். அவரது மறுப்பையும் பலர் மறுத்தனர். முடிவு எதுவாயினும், மீட் எழுப்பிய கேள்வி நமக்குப் பயன்படும்.

தம்பி சாப்பிட்ட தட்டை நாம் எடுத்துக் கழுவுகிறோம். அதை எந்தப் பாடநூலும் நமக்குக் கற்பிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கற்றோம். தட்டை வைத்துவிட்டு எழுந்து போகத் தம்பியும் அவ்வாறே கற்றுக்கொண்டான். இதைப் பெண்ணின் இயல்பு என்பதா, பழக்கம் என்பதா? இயல்பு என்றால் மாற்ற வழியில்லை. பழக்கம் என்றால், நல்லதை வைத்துக்கொண்டு அல்லாததை மாற்றலாம்.

தோழியரே! பாட்டியிடம் கற்ற கோலத்தையும் அன்பான உபசரிப்பையும் போற்றிக் காப்போம். இன்று இரவு தம்பியின் தட்டை அவனே கழுவட்டும். அருகில் நின்று நாம் சொல்லிக் கொடுப்போம். நம்மைப் பார்த்துக் கற்க, வீட்டில் இன்னும் சிறு கண்கள் இருக்கின்றன.