ஐப்பசிப் பண்டிகையும் மதுவழக்குகளும்: கொங்கு நாட்டார்க்கு ஒரு முன்னறிவிப்பு

ஐப்பசி பிறந்து, பீளமேட்டு நூற்பாலைகளிலும் கணபதிப் பட்டறைகளிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் போனஸ் பட்டுவாடா தொடங்கிவிட்டால், ஒரு வருஷத்து உழைப்பின் களைப்பெல்லாம் ஒரே மாலையில் தீர்ந்துவிட வேண்டும் என்ற ஆவல் மனிதர்களைப் பற்றிக்கொள்வதும், அந்த ஆவலில் பாதி, பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கும் டாஸ்மாக் கடைகளின் வாசலில் போய் நிற்பதும் நம் ஜில்லாக்களில் வழக்கமாகிவிட்டன. காந்திபுரம், சிங்காநல்லூர், உக்கடம் பஸ் நிலையங்களில் ஊருக்குப் போகும் கூட்டம் பெருகப் பெருகப் போலீஸ் காவலும் பெருகும். சாலைச் சந்திப்புகளில் ஊதச் சொல்லும் கருவியோடு காவலர் நிற்பர். மற்ற மாதங்களில் ‘வீட்டுக்குப் போ’ என்று விரட்டிவிடப்படுகிறவன் இந்த மாதத்தில் ஸ்டேஷனுக்கே அழைத்துச் செல்லப்படலாம். ஆகவே, சட்டம் என்ன சொல்கிறது, அகப்பட்டவன் என்ன செய்ய வேண்டும் என்பனவற்றைப் பண்டிகைக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

குடிப்பது தகுமா தகாதா என்ற விசாரத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதை நம் நாட்டார் வேண்டிய மட்டும் செய்து பார்த்தவர்களே: 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள்; திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார்; அவர் சென்னை ராஜதானியின் பிரதமராயிருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று, மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் அமலுக்கு வந்தது. அன்று பிறந்த சட்டம், திருத்தங்கள் பல கண்டும், இன்றும் உயிரோடிருக்கிறது. அரசாங்கமே கடை வைத்து விற்கும் பொருளை வாங்கிக் குடித்தவன் பொது இடத்தில் போதையோடு காணப்படலாகாது என்று அதே அரசாங்கத்தின் சட்டம் சொல்லும் விசித்திரத்தை எண்ணி நாம் சிரித்துக்கொள்ளலாம். மாஜிஸ்டிரேட்டின் முன் நின்றுகொண்டு சிரிக்க முடியாது.

குடித்திருப்பது வேறு, குற்றம் செய்திருப்பது வேறு. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஸ்தானத்தில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 355-ஆம் பிரிவு மூன்று அம்சங்களைக் கேட்கிறது: ஒருவன் போதையில் இருக்க வேண்டும், பொது இடத்திலோ, தான் நுழைய உரிமையில்லாத இடத்திலோ தோன்ற வேண்டும், அங்கே பிறர்க்கு உபத்திரவம் உண்டாகும்படி நடந்துகொள்ள வேண்டும். மூன்றும் கூடினாலன்றி அந்தப் பிரிவில் குற்றமில்லை. சிக்ஷை 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. 1860-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்த அபராதமோ வெறும் 10 ரூபாய். இந்தப் பிரிவில் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவின்றிப் புலன் விசாரிக்கவும் வாரண்டின்றிக் கைது செய்யவும் போலீசாருக்கு அதிகாரமில்லை. எனினும், கோவை மாநகர எல்லைக்குள் நகரப் போலீஸ் சட்டத்தின் 75-ஆம் பிரிவும், மாநிலமெங்கும் மதுவிலக்குச் சட்டத்தின் 4ஏ பிரிவும் இருப்பதால், ‘பெட்டி கேஸ்தான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ’ என்று நீட்டப்படும் காகிதத்தில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பணிவோடு கேட்டுப் படித்துப் பார்ப்பது முதற்காரியம். படிக்கும் நிலையில் தான் இல்லையென்றால், உடன்வந்தவரைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

வழக்கு எதுவாயினும் அது பிறந்த அளவிலேயே நிற்க வேண்டும் என்பதே இந்தக் குறிப்பின் தலையாய ஆலோசனை. பஸ் நிலையத் திண்ணையில் சாய்ந்து கிடந்தவனுடைய குற்றம், எழுப்பிய காவலரை அவன் வாயில் வந்தபடி ஏசினால் பாரதிய நியாய சம்ஹிதையின் 296-ஆம் பிரிவாகவும், சட்டையைப் பிடித்தாலோ தள்ளினாலோ 132-ஆம் பிரிவாகவும் வளர்ந்துவிடும். முன்னது பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசியதற்கானது, ஜாமீன் உண்டு. பின்னதோ அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தாக்கியதற்கானது. இரண்டு வருஷம் வரை சிறை. ஜாமீனைப் போலீசாரிடம் உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட்டிடம்தான் வேண்ட முடியும். பண்டிகை விடுமுறையில் கோர்ட்டு மூடிக்கிடக்க, பொறுப்பு மாஜிஸ்டிரேட்டின் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகப்பட்டு, தீபாவளியன்று காலை கோவை மத்தியச் சிறையில் விழிக்க நேர்வது, குடித்த குவார்ட்டரால் அன்று, பேசிய பேச்சால். மரியாதைப் பேச்சுக்குப் பேர்போன கொங்கு நாட்டான் அந்த மரியாதையை மிகவும் அவசியமான அந்தப் பத்து நிமிஷத்தில் தொலைத்துவிடுவதைப் போன்ற பரிதாபம் வேறில்லை. கூட இருக்கும் மாமனோ மச்சானோ செய்யக்கூடிய பேருதவி, போலீசாரோடு தாமும் வழக்காடாமல், குடித்தவனை வாய் திறவாதபடி பார்த்துக்கொள்வதே.

வாகனம் ஓட்டுகிறவன் விஷயம் வேறு. அங்கே உபத்திரவம் எதுவும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஊத மறுப்பது சாமர்த்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். தக்க காரணமின்றி மறுத்தால் அந்த மறுப்பையே குற்றச்சாட்டுக்கு ஆதரவாகக் கொள்ளலாம் என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. சந்தேகத்துக்கு நியாயமிருந்தால் வாரண்டின்றிக் கைதும் செய்யலாம். ஊதிய பின் கருவி காட்டிய அளவைக் கேட்டு அறியலாம். இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கும் திரவமோ சற்று முன் உட்கொண்டிருந்தால், அதை அப்போதே சொல்லிப் பதினைந்து நிமிஷம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டலாம். வாயில் தங்கிய மது அதற்குள் கலைந்துவிடும். கைது செய்தாலோ, இரண்டு மணி நேரத்துக்குள் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்பது 202-ஆம் பிரிவின் கட்டளை. குடியாத ஒருவர் உடனிருந்து வண்டியை ஓட்டிச் செல்ல முன்வந்தால் வண்டியைப் பிடித்து வைக்கலாகாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. நம் மாநிலத்தை அது கட்டுப்படுத்தாதென்றாலும், எடுத்துச் சொல்லத் தகுந்த நியாயம். குடித்தவன் கையில் தெரிந்தே சாவியைக் கொடுக்கிறவரும் உடந்தைக் குற்றத்துக்கு ஆளாவார் என்பதைப் பெரியவர்கள் மறக்க வேண்டாம். இரவு குடித்தது விடிந்ததும் போய்விடும் என்பதும் ஒரு பிரமை. எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் மோர் குடித்தாலும் ஈரல் தன் வேகத்திலேயேதான் வேலை செய்யும், ஆகையால் நாலு மணிக்குப் பொள்ளாச்சிக்கும் தாராபுரத்துக்கும் புறப்படும் பைக்குகள் அதிகாலைச் சோதனையிலும் அகப்படும்.

இனி எதிர்வாதம். அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மருத்துவர் தரும் மதுபோதைச் சான்றில், ‘மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் வசப்பட்டிருக்கவில்லை’ என்ற முடிவும் இடம்பெறுவதுண்டு. வழக்கின் ஜீவநாடி அந்த ஒரு வரியிலேயே இருக்கலாம். மூச்சில் வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறிய பேச்சு ஆகியவற்றைக் கொண்டு மட்டும் மது அருந்தியதாக நிச்சயிக்க முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971-இல், பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் கருதியது. மதுவின் வாடை மாத்திரமே போதைக்குச் சாக்ஷியாகாது என்றும், பிறர்க்குத் தொந்தரவின்றித் தனியிடத்தில் அருந்துவது குற்றமன்று என்றும் கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. ஆகவே, பரிசோதனை நடந்ததா, எத்தனை மணிக்கு, எந்த மருத்துவர் செய்தார், உபத்திரவம் அடைந்ததாகச் சொல்லப்படும் சாக்ஷி யார் என்ற கேள்விகளை வக்கீலிடம் முதல் நாளே ஒப்படைக்க வேண்டும். ஆனால் இதையே பெரிய கேடயமாக எண்ணி மயங்கவும் வேண்டாம்: வண்டி மோதிய விஷயத்தில், ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்றச் சாக்ஷியங்களால் போதையை நிரூபித்து இன்ஷூரன்ஸ் கம்பெனி வாகனச் சேதத்துக்குப் பணம் தர மறுக்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

குடித்ததையே மன்னிப்புக்குக் காரணமாகச் சொல்வது பழைய தந்திரம், பயனற்றதும்கூட. தனக்குத் தெரியாமலோ தன் விருப்பத்துக்கு விரோதமாகவோ ஊட்டப்பட்ட போதைக்கே சட்டம் இரங்கும். 1956-இல் உச்ச நீதிமன்றம் முடித்த பாஸ்தேவ் வழக்கில், கல்யாண விருந்துக்குப் போன ஓய்வுபெற்ற ஜமேதார் ஒருவர், உட்கார இடம் விடவில்லை என்று ஒரு சிறுவனைக் குடிவெறியில் சுட்டுக் கொன்றுவிட்டார். தாமாக நடந்து வந்தவர், தள்ளாடியபோதும் பேச்சிலே தெளிவிருந்தவர், செயலின் விளைவை அறியாதவராகக் கொள்ளப்படவில்லை, ஆயுள் தண்டனை நிலைத்தது.

இதற்கு நேர்மாறான அபாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினாலும், காக்காய் வலிப்பு வந்து ஓய்ந்தபின்னும், தலையில் உள்காயம் பட்டாலும் பேச்சுக் குழறும், கால் தள்ளாடும். விரதமிருந்து வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்ட ஒருவரைப் பண்டிகைக் கூட்டம் ‘குடிகாரன்’ என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. அப்படிப்பட்ட நோயுடையவர் சட்டைப்பையில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். பார்க்கிறவர் ஸ்டேஷனுக்கு முன் 108-ஐ அழைக்கட்டும்.

விடுமுறை நாள்களில் சந்துக்கடையில் வாங்குவதும், வாளையாறு தாண்டி வரும்போது அயல் மாநிலச் சரக்கை மடியில் கட்டி வருவதும் வேறு வகைக் குற்றங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை மெத்தனால் கலந்த சாராயம் கொண்டுபோன பிறகு மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. வீட்டு விருந்தில் ‘போய் ஒரு ஆஃப் வாங்கி வாடா’ என்று பையனிடம் காசு கொடுக்கும் பெரியவர், சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு சிறுவரைக் கொண்டு மது எடுத்து வரச் செய்வதற்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் வைத்திருப்பதை அறிந்தால் தாமே எழுந்து போவார், அல்லது போகாமலிருப்பார்.

ஸ்டேஷனில் இருக்கும்போது கேட்கத் தகுந்தவை சில. கைதின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். உறவினருக்குச் சொல்ல வேண்டும். வக்கீலைக் காண அனுமதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனுக்குரிய குற்றமானால் ஜாமீனில் விட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்குக் கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். காவலில் இருப்பவர், தொழிலாளர், பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானக் கணக்குப் பாராமல் இந்த உதவி உண்டு.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிற இளைஞர் ஒரு கணம் நிற்க வேண்டும். போலீஸ் வேலைக்கோ வேறு அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போதும், பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வரும்போதும் வழக்கு விவரம் கேட்கப்படும். அற்ப வழக்கை மன்னிக்க வேலை கொடுப்பவருக்கு இடமுண்டு. மறைத்ததை மன்னிப்பது அரிது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பேதத்தை விரிவாகவே ஆராய்ந்தது. ஆகையால், உண்மையில் குற்றமில்லையென்றால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாமல் வழக்கை நடத்துவதும், குற்றமிருந்தால் ஒப்புக்கொண்டு தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரப்படுத்துவதும் முறை.

இந்த வழக்குகள் பெரும்பாலும் பண்டிகை முடிந்து, ஊருக்குப் போனவர்கள் வேலைக்குத் திரும்பிய பின், கார்த்திகையிலோ மார்கழியிலோ விசாரணைக்கு வரும். சம்மன் சொந்த ஊர் விலாசத்துக்குப் போய்விட, இங்கே வாடகை வீட்டிலிருப்பவன் அறியாமலே நாள் தவறி, வாரண்டு பிறக்கக்கூடும். எனவே ஸ்டேஷனில் விலாசம் எழுதும்போது தற்போது வசிக்கும் வீட்டு விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் சரியாகக் கொடுத்து, வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே கோர்ட்டில் நாளை விசாரித்துத் தெரிந்துகொள்க.