தாழ்ந்த வீடும் தூரத்து வள்ளமும்: ரேடியோப் பேச்சின் எல்லையைப் பெருக்கும் வழி

தூத்துக்குடி நகரை அடுத்த மாப்பிள்ளையூரணி வட்டாரத்தில் நிலம் தட்டையானது, தாழ்வானது. மேடு என்று சொல்லத்தக்க இடம் அரிது. இத்தகைய ஊரில் ஒரு வீட்டுக்குள் அமர்ந்து ரேடியோ செட்டில் கூப்பிட்டால், மன்னார் வளைகுடாவில் இருக்கும் வள்ளத்துக்குக் குரல் எட்டுவதில்லை. செட் பழுது என்று சிலர் கருதுகின்றனர். சக்தி போதவில்லை என்று வேறு சிலர் கூறி, விலையுயர்ந்த செட்டைத் தேடுகின்றனர். இரண்டும் பெரும்பாலும் தவறான முடிவுகள். குறை எங்கே இருக்கிறது, குறைந்த செலவில் அதை எவ்வாறு நீக்கலாம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

இதைப் படிக்கும் அன்பர்களில் நெசவாளரும் விவசாயிகளும் மிகுதி. கடல் செட்டைப் பற்றி நமக்கென்ன என்று அவர்கள் கேட்கலாம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நடுவழியில் நின்றது. மின்சாரம் நின்றது, பல ஊர்களில் கைப்பேசியும் ஓய்ந்தது. அந்நாளில் வயலில் இருந்தவரும் தறியில் இருந்தவரும் கடலில் இருந்தவரும் ஒரே நிலையில்தான் இருந்தனர். பாட்டரியால் இயங்கும் இருவழி ரேடியோ அத்தகைய நாளுக்கு உரிய சாதனம்.

1. குரல் எதனால் நின்றுவிடுகிறது?

படகுகளில் உள்ள வி.எச்.எப். செட்டுகள் 156 மெகாஹெர்ட்ஸும் அதற்குச் சற்று மேலுமான அலைகளில் பேசுகின்றன. அபாய அழைப்புக்குரிய 16ஆம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ளது. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 1.9 மீட்டர். இவ்வகை அலைகள் ஒளியைப் போலவே பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. ஆகவே ஒரு தூரத்துக்கு அப்பால் கடலின் வளைவே நடுவில் வந்து மறைத்துவிடுகிறது.

மணப்பாட்டில் கலங்கரை விளக்கத்தைக் கடலோரத் தாழ்நிலத்தில் நிறுத்தாமல் மேட்டின்மேல் ஏன் அமைத்தனர்? விளக்கின் ஒளியைப் பத்து மடங்கு பெருக்கினாலும், விளக்கு தாழ்ந்திருந்தால் தொடுவானத்துக்கு அப்பால் உள்ள மாலுமி அதைக் காணமாட்டான். விளக்குக்கு எது உண்மையோ அதுவே ஏரியலுக்கும் உண்மை.

2. எளிய கணக்கு

ரேடியோ அலை காற்றில் சிறிது வளைந்து செல்வதால், கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிடச் சற்றுத் தூரம் எட்டும். அதையும் சேர்த்து விஞ்ஞானிகள் தந்துள்ள கணக்கு இது: ஏரியலின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் தொடுவான தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்.

உயரம் 1 மீட்டர்: 4.1 கிலோமீட்டர்
உயரம் 4 மீட்டர்: 8.2 கிலோமீட்டர்
உயரம் 9 மீட்டர்: 12.4 கிலோமீட்டர்
உயரம் 16 மீட்டர்: 16.5 கிலோமீட்டர்

கரையின் தூரத்தையும் படகின் தூரத்தையும் கூட்டினால் பேச்சின் எல்லை கிடைக்கும். வள்ளத்தில் அமர்ந்திருப்பவர் கையில் வாக்கி டாக்கி 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். கரையில் ஏரியல் 4 மீட்டரில் இருந்தால் எல்லை 12 கிலோமீட்டர் சொச்சம். அதே ஏரியலை 16 மீட்டருக்கு உயர்த்தினால் 20 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. வள்ளத்திலும் ஒரு கம்பம் நட்டு 4 மீட்டரில் ஏரியல் வைத்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, உயரம் நான்கு மடங்கானால்தான் தொடுவானம் இரு மடங்காகும். முதற் சில மீட்டர்களே பெரும்பயன் தருபவை. இரண்டாவது, இக்கணக்கில் வாட் என்ற பேச்சே இல்லை. கைச் செட்டின் சக்தி 5 வாட். நிலையான செட்டின் சக்தி 25 வாட். சக்தி மிகுந்தால் எல்லைக்குள் குரல் தெளிவாகும். ஆனால் எல்லை பெரிதும் நகராது. மேலும், கரையில் சக்தியைப் பெருக்கினால் நாம் பேசுவது அவருக்குக் கேட்குமேயன்றி, அவர் பேசுவது நமக்குக் கேட்காது. ஏரியலை உயர்த்தினால் பேசுவது, கேட்பது இரண்டும் ஒருங்கே சீர்படும்.

3. கேபிளில் கசியும் சக்தி

கிணற்றில் நீர் இறைத்து மண் வாய்க்காலில் விட்டால் கடைமடைக்கு எவ்வளவு சேரும் என்பது விவசாயிகள் அறிந்ததே. செட்டிலிருந்து ஏரியலுக்குச் செல்லும் கேபிளும் ஒரு வாய்க்கால்தான். ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிள் 20 மீட்டர் ஓடினால், 25 வாட்டில் சுமார் 10 வாட் மட்டுமே மேலே சேரும். பருமனான ஆர்.ஜி. 213 ஆனால் சுமார் 16 வாட் சேரும். கேட்கும்போதும் இதே விகிதத்தில் நஷ்டம் உண்டு. ஆகவே கம்பத்தை உயர்த்துவோர் கேபிளில் சிக்கனம் பார்ப்பது வீண்.

நம் கடற்கரைக் காற்றில் உப்பு மிகுதி. இணைப்பில் ஒரு துளி ஈரம் புகுந்தால் செம்பு களிம்பேறி, சில மாதங்களில் கேபிள் கெட்டுவிடும். இணைப்புகளை நீர் புகாத ரப்பர் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் அதைக் கீழே தொங்கும் வளைவாக விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஏரியலின் அளவும் அலைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில், மூடிய மடையில் மோதிய நீர்போல் சக்தி செட்டுக்கே திரும்பும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இதைக் காட்டும், அளவு 1.5க்குள் இருப்பது நலம். ஏரியல் செங்குத்தாகவே நிற்க வேண்டும். கைச் செட்டைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பேசுவோர் தம் குரலைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர்.

4. கம்பம் நடும் முறை

கூரைக்கும், சுற்றியுள்ள கட்டடங்களுக்கும், மரத்தலைகளுக்கும் மேலே ஏரியல் நிற்க வேண்டும். நனைந்த ஓலை அலையை விழுங்கும். இரும்புக் குழாய்க் கம்பத்தை மூன்று திசைகளில் ஸ்டே கம்பிகளால் இழுத்துக் கட்டுக. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் சிறிதும் சலுகை கூடாது. உயிர் போகும் காரியம். கம்பத்தின் அடியை நிலத்தில் புதைத்த இரும்புத் தண்டுடன் கனமான செம்புக் கம்பியால் இணைத்து எர்த் செய்க. இடி மின்னல் வருமுன் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விடுக.

பாட்டரியைத் தரையில் வைத்தல் ஆகாது. தாழ்ந்த வீட்டில் வெள்ளம் முதலில் தொடுவது அதைத்தான். உயர்ந்த பரண் அல்லது மாடியே அதற்கு இடம். 12 வோல்ட் செட் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் அளவும், 25 வாட்டில் பேசும்போது 5 முதல் 6 ஆம்பியர் வரையும் இழுக்கும். ஆகவே வெள்ள நாளில் மிகுதியாகக் கேட்டு, சுருக்கமாகப் பேசுவதே சிக்கனம்.

5. சோதிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. படகு 5, 10, 15, 20 கிலோமீட்டர் தூரங்களில் இருக்கும்போது ஜி.பி.எஸ். பார்த்துக் கூப்பிடச் சொல்லி, குரல் தெளிவா, மங்கலா என்று நோட்டில் குறிக்க வேண்டும். காற்று அசையாத சில வெப்ப நாட்களில் இலங்கைக் கரைப் பேச்சுக்கூடக் கேட்பதுண்டு. அது வானிலை தரும் விருந்து, நித்தியச் சோறன்று. அந்நாளின் கணக்கை நம்பிப் படகு அனுப்புவது அபாயம்.

6. வீடுதோறுமா, ஊருக்கு ஒன்றா?

நம் நாட்டில் உரிமம் இன்றி இத்தகைய செட்டைக் கரையில் இயக்குவது குற்றம். மத்திய அரசின் கம்பியில்லாத் தொடர்புத் திட்டப் பிரிவே அலைவரிசைகளை ஒதுக்குகிறது. பரீட்சை எழுதி உரிமம் பெறும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உண்டு. அவர்கள் வெள்ளக்காலத்தில் கரையில் உதவலாம். படகுகளின் அலைவரிசை வேறு.

ஆகவே பத்து வீடுகளில் பத்துத் தாழ்ந்த ஏரியல்கள் வைப்பதைவிட, சங்கம் முறைப்படி உரிமம் பெற்று ஓர் உயர்ந்த கம்பம் நடுவதே சிக்கனமும் சட்டமும் ஆகும். ஒருவர் மாற்றி ஒருவர் செட்டைக் காத்திருப்பதற்கு முறைப் பட்டியலும் வேண்டும். கேட்பாரற்ற ஏரியல் எவ்வளவு உயர்ந்தும் பயனில்லை.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவக் குடும்பங்கள் தம் ஆண்மக்களை இழந்தன. அத்தனை தூரத்துக்கு நம் 16 மீட்டர்க் கம்பம் எட்டாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு விண்கோள் வழிக் கருவிகள் தேவை. ஆயினும் கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் தொழில் செய்து அன்றே திரும்பும் வள்ளங்களுக்கு அக்கம்பம் எட்டும். அவ்வெல்லையில் நிற்கும் வள்ளம் செய்தியை அப்பால் உள்ள படகுக்குக் கைமாற்றிச் சொல்லவும் கூடும். எது நேரினும், கடலோரக் காவல் படையின் 1554 என்ற தொலைபேசி எண் செட்டின் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. கரையில் 9 மீட்டர், வள்ளத்தில் 1 மீட்டர் உயரத்தில் ஏரியல்கள் உள்ளன. பேச்சின் எல்லை எவ்வளவு?
2. 5 வாட் செட்டை 25 வாட்டாக மாற்றுவதும், ஏரியலை 4 மீட்டரிலிருந்து 9 மீட்டருக்கு உயர்த்துவதும்: உங்கள் ஊருக்கு எது முதலில் வேண்டும்? காரணம் கூறுக.
3. உங்கள் சங்கக் கட்டடத்தில் கம்பம் நடத் தகுந்த இடம் எது? அருகில் உள்ள மின்கம்பி எவ்வளவு தூரம்? அளந்து எழுதுக.