விமானம் இறங்கும்போது குழந்தை ஏன் அழுகிறது?

“பிள்ளை தூங்குற மாதிரி ஒரு சிரப் எழுதிக் குடுங்க டாக்டரம்மா. நாலு மணி நேரந்தானே” என்று கேட்டார் பாட்டி. பேரன் அவர் தோளில் கிடந்தான். ஐந்து மாதம். தாய்வீட்டில் பிரசவம் முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்பும் மகள் பக்கத்தில் நின்றாள். மூன்றாம் நாள் விமானம். “அழுதான்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க மேடம்” என்றாள் அவள்.

திருச்சியில் குழந்தை மருத்துவராக இருக்கும் எனக்கு இது பழகிய கேள்வி. கோடை விடுமுறை முடியும் நேரத்திலும் பொங்கலுக்கு அடுத்த வாரத்திலும் அடிக்கடி வரும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று இந்த ஊரிலிருந்து கைக்குழந்தையோடு பறக்கிறவர்கள் அதிகம். அவர்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பயணத்தைக் குழந்தையின் உடம்புக்குத் தகுந்தபடி திட்டமிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள்.

தூக்க சிரப் நான் எழுதித் தருவதில்லை. பயணத் தூக்கத்துக்கென்று வீடுகளில் புழங்குபவை பெரும்பாலும் ஒவ்வாமைக்கும் சளிக்கும் தரப்படும் மருந்துகள். அவற்றின் பக்கவிளைவாக வரும் மயக்கத்தைத்தான் தூக்கம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். புரோமெத்தசின் என்ற மருந்து 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சை அடக்கி உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், அந்த வயதினருக்குத் தரவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் அதன் உச்சபட்ச எச்சரிக்கையை விதித்தது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் நம் நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பும் உத்தரவிட்டது. இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த மருந்துகள் சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்யும். தூங்க வேண்டிய பிள்ளை கண் சொருகியும் சொருகாமலும் மணிக்கணக்கில் கத்தித் தீர்க்கும்.

சரி, அழுகை ஏன் வருகிறது? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் ‘டப்’பென்று திறக்கும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. அதாவது குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் சற்று மேல் வரை. பஸ் மணிக்கணக்கில் ஏறும் மலையை விமானம் அரை மணிக்குள் ஏறி, அதே வேகத்தில் இறங்குகிறது.

செவிப்பறைக்குப் பின்னால் சிறிது காற்று இருக்கிறது. அது தொண்டையோடு ஒரு மெல்லிய குழாயால் இணைந்திருக்கிறது. விமானம் ஏறும்போது உள்ளிருக்கும் காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளி அழுத்தம் கூடிக்கொண்டே போக, வெளிக்காற்று அந்தக் குழாய் வழியே உள்ளே போயாக வேண்டும். குழாயோ மூடிக்கொள்ளப் பார்க்கும். குழந்தைகளுக்கு அது குறுகலாகவும் படுக்கை வாட்டிலும் இருப்பதால் இன்னும் கஷ்டம். செவிப்பறை உள்நோக்கி இழுபட, வலி எடுக்கும். அந்தக் குழாயைத் திறக்கும் சாவி விழுங்குதல். காதில் பஞ்சு வைப்பதாலோ எண்ணெய் விடுவதாலோ பயனில்லை. அடைப்பு செவிப்பறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாம் இந்தப் பக்கம் எதைச் செய்தாலும் அங்கே எட்டாது.

ஆகவே, “விமானம் கிளம்பும்போது பால் கொடு” என்று காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை பாதிதான் சரி. கிளம்பும்போது வயிறு முட்டக் குடித்த பிள்ளை, இறங்கும்போது மார்பைத் தள்ளிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரிலிருந்து திரும்புகையில் எனக்கு முன்வரிசையில் அதைத்தான் பார்த்தேன். ஏழெட்டு மாதப் பெண் குழந்தை. வழியெல்லாம் நன்றாகத் தூங்கியது. விமானம் தாழத் தொடங்கியதும் வீறிட்டு எழுந்தது. தாய் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுப் பால் கொடுக்கப் பார்த்தாள். குழந்தை முதுகை வில்லாக வளைத்தது. அப்பா கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இருக்கை வார் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் யாரும் எழ முடியாது. இருக்கைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி வழியாக, “சங்கு இருக்காம்மா? வெறும் வெந்நீர் போதும். நிமிர்த்தி உட்கார வச்சு, சொட்டுச் சொட்டா ஊத்து” என்றேன். பையின் அடியிலிருந்து வெள்ளிச் சங்கை எடுத்தாள். முதல் இரண்டு வாய் வெளியே வழிந்தது. மூன்றாவது உள்ளே இறங்கியது; கழுத்தடியில் சின்ன அசைவு தெரிந்தது. ஆறேழு வாய்க்குப் பிறகு அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. குழந்தை சங்கின் மூக்கைப் பிடித்துக் கடிக்கத் தொடங்கியது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரக் கணக்கு. தரை தொடுவதற்குச் சுமார் அரை மணி முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும். “இறங்க ஆரம்பிக்கும்போது சொல்லுங்கள்” என்று பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், மறக்காமல் சொல்வார்கள். அதற்கு முந்தைய வேளைப் பாலைக் கொஞ்சம் குறைத்து, பசியை மிச்சம் வையுங்கள். தூங்கும் குழந்தை அவ்வளவாக விழுங்காது. அதனால் மெல்ல எழுப்பிவிடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர் வேண்டாம். அதற்கு மேல் சங்கு, பாலாடை, உறிஞ்சு குவளை எதுவானாலும் சரி, தலையை நிமிர்த்தி வைத்துக் கொடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினால் விமானம் குலுங்கும்போது புரையேறும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குக் கொட்டாவி விடுகிற போட்டி வையுங்கள். எல்லாம் செய்தும் அழுதால் அழட்டும். வாயைத் திறந்து அழும்போதும் அந்தக் குழாய் திறக்கத்தான் செய்கிறது.

சளி பிடித்திருந்தால் குழாய் வீங்கியிருக்கும். இறக்கத்துக்கு அரை மணி முன் மூக்கில் வெறும் உப்புநீர்ச் சொட்டு விடலாம். காதில் சீழ், கடும் காதுவலி, காய்ச்சல் இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தேதியை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள். பிறந்த சில நாள்களில் பறப்பதும் வேண்டாம். குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரின் சம்மதம் கட்டாயம். பயணத்துக்கு நான்கைந்து வாரம் முன்பே தடுப்பூசி அட்டையோடு ஒருமுறை வந்துவிட்டால், போகிற நாட்டுக்குத் தகுந்தபடி ஊசிகளை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது தூக்கம். நம் பிள்ளைகள் தூளியில் வளர்கிறவர்கள். பழைய சேலையின் அணைப்பும் ஆட்டமும் இல்லாமல் கண் மூடாத குழந்தையை, விமானத்தின் முன்சுவரில் மாட்டும் தட்டையான தொட்டிலில் திடீரென்று கிடத்தினால் எப்படித் தூங்கும்? கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே பகலில் ஒரு தூக்கத்தையாவது தரையில் பாய் விரித்துப் பழக்குங்கள். பக்கத்தில் மின்விசிறி இரைந்துகொண்டிருக்கட்டும். விமானத்துக்குள் கேட்கும் சத்தம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வீட்டில் பாடுகிற அதே தாலாட்டை அங்கேயும் காதருகே பாடுங்கள். தொட்டிலில் படுக்க வைக்குமுன் கழுத்துக் கயிறு, தாயத்து, சட்டையில் ஊக்கில் குத்திய மணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் அரைஞாணுக்கும் கொலுசுக்கும் கருவி கத்தும் என்பதால் அவற்றை வீட்டிலேயே விட்டுவருவது இன்னும் நல்லது.

அந்தத் தொட்டில் எல்லா விமானத்திலும் கிடைக்காது. திருச்சியிலிருந்து கிளம்பும் ஒற்றை நடைபாதை விமானங்களில் பெரும்பாலும் இருக்காது. பெரிய விமானங்களிலும் சில இடங்களே உண்டு. எடை வரம்பும் உண்டு. டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்திடம் கேட்டுப் பதிந்துவிடுங்கள். விமானம் குலுங்கி இருக்கை வார் விளக்கு எரிந்தால், தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைக்கச் சொல்வார்கள். அலுப்பாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

மடியில் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2 வயது வரை தனி இருக்கை வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று விமான நிறுவனங்கள் விடுகின்றன. செலவு குறைவு என்பதால் நாமும் அதையே செய்கிறோம். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் பறந்த யுனைடெட் 232 விமானம் பழுதாகி, ஸூ சிட்டியில் மோதி இறங்கியது. அதில் நான்கு குழந்தைகள் மடியில் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தாய்மாருக்குச் சொல்லப்பட்டது. மோதிய வேகத்தில் இரண்டு தாய்மாரால் பிடித்து வைக்க முடியவில்லை. ஒரு குழந்தை இறந்தது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். சட்டம் இன்னும் மாறவில்லை. விபத்து அரிது, கடுமையான குலுக்கல் அவ்வளவு அரிதில்லை. கையில் வசதி இருந்து, பயணம் நீளம் என்றால், தனி இருக்கை வாங்கி, விமானத்தில் பயன்படுத்த அனுமதி பெற்ற குழந்தை இருக்கையைப் பொருத்துவதே பாதுகாப்பு. அதற்கு வழியில்லாதவர்கள் பணிப்பெண் தரும் சிறு வாரை உங்கள் வாரோடு கோத்துக் குழந்தைக்குப் போடுங்கள்; உங்கள் வாருக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். உங்கள் உடம்பின் கனம் முழுவதும் குழந்தைமேல் விழும். ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு. அந்த உயரத்தில் காற்றில்லாமல் நினைவு தெளிவாக இருப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். நீங்கள் மயங்கினால் குழந்தைக்கு மாட்டிவிட ஆளில்லை.

காகிதங்களைப் பொறுத்தவரை: வெளிநாடு என்றால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழைக் கையில் வையுங்கள். 2 வயதுக்குக் கீழ் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பயணத்துக்கு நடுவில் 2 வயது நிறைந்தால் திரும்பும்போது முழு இருக்கை எடுக்க வேண்டியிருக்கும். 12 வயது வரையுள்ள பிள்ளைகளை, ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் ஒருவருக்காவது பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இடம் பிரித்துக் கொடுத்தால் தயங்காமல் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கைப்பையில் மணிக்கு ஒரு டயப்பர் என்ற கணக்கில் எடுத்து, மேலே மூன்று சேருங்கள். குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, அம்மாவுக்கு ஒரு மேல்சட்டை. வாந்தி எடுப்பது குழந்தை, நனைவது நீங்கள். திரவத்துக்கான 100 மில்லி வரம்பு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். கேட்டால் திறந்து காட்டுங்கள். பால்மாவை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து வைத்து, அப்போதைக்கப்போது கலக்குங்கள். கலக்கி இரண்டு மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள். விமானத்தில் தரும் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வரும்; மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் வாயில் வைக்காதீர்கள். குழந்தை மடியில் இருக்கும்போது நீங்கள் காபி, டீ வாங்கவே வேண்டாம். ஒரு வயது தாண்டியவர்களுக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியைப் போல் கெடாத, சிந்தாத சாப்பாடு வேறில்லை. காரமில்லாத பொடியாக இருக்கட்டும். முழு வேர்க்கடலை, முந்திரி, முறுக்கு வேண்டாம். தொண்டையில் சிக்கினால் வானத்தில் ஆஸ்பத்திரி கிடையாது.

நடக்கிற வயதுப் பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். நடைபாதை ஓரத்தில் நீட்டிய கையிலும் காலிலும் உணவு வண்டி இடித்துவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் கழிந்தும் குழந்தை காதை இழுத்துக்கொண்டு அழுதாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஐந்து மாதப் பையனின் தாய் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த அன்றிரவே செய்தி அனுப்பினாள். இறங்கும்போது கொஞ்சம் அழுதானாம், பால் குடித்ததும் அடங்கிவிட்டானாம். பக்கத்து இருக்கைப் பெரியவர் கீழே விழுந்த அவன் காலுறையைத் தேடி எடுத்துக் கொடுத்தாராம்.

நீங்களும் பெட்டி கட்டி முடித்ததும், பையை ஒருமுறை திறந்து பாருங்கள். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று வீட்டில் யாராவது தூக்க சிரப் வைத்திருந்தால், தயவுசெய்து அதை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.