சீனி பார்க்கும் கடிகாரம்

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி லயத்துக்கு ஏறும் பிள்ளைகள் கொழும்பிலிருந்து பெற்றோருக்குக் கொண்டுவரும் சாமான்களுள் அண்மைக் காலமாக ஒரு கைக்கடிகாரமும் சேர்ந்திருக்கிறது. விரலில் குத்தாமல், ஒரு துளி இரத்தமும் எடுக்காமல், மணிக்கட்டில் கட்டிய மாத்திரத்தில் அது சீனியின் அளவைச் சொல்லிவிடும் என்றும், ஆகையால் இனிக் கிளினிக்குக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை என்றும் ஒரு வதந்தி மலையேறி வந்திருக்கிறது. எத்தனை பேரிடம் மறுத்தாலும் மறுநாள் வேறொருவர் வாயிலிருந்து அதே கதை கிளம்புவதால், இம்முறை தாட்சண்யமின்றியே சொல்லிவிடுகிறேன்: அது சுத்தப் பொய்.

தோலைத் துளைக்காமல் தானாகவே சீனியை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அங்கீகாரம் அளித்ததில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. கடிகாரத்தின் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சம், ஒவ்வொரு துடிப்புக்கும் தோலின் கீழ் இரத்தம் கூடிக் குறைவதைக் கொண்டு நாடியை எண்ணுமேயன்றி, அந்த இரத்தத்தில் கரைந்திருக்கும் சீனியை அறியும் சக்தி அதற்குக் கிடையாது. சந்தேகமிருந்தால் சுருட்டிய துவாயொன்றில் அதைக் கட்டிப் பாருங்கள். மலிவான சில கடிகாரங்கள் துவாய்க்கும் நாடி ஓடுவதாகக் கூசாமல் இலக்கம் காட்டும். இரவு பகலாகச் சீனியை அளக்கும் மெய்யான கருவியும் இருக்கிறது. அதுவோ நுண்ணிய இழையொன்றைத் தோலுக்கடியில் செலுத்தி அளப்பது, குறித்த காலத்துக்கொருமுறை மாற்றவேண்டியது, விலையும் அதிகம்.

இன்சுலின் ஏற்றிக்கொண்டோ, சீனியைக் குறைக்கும் சிலவகைக் குளிசைகளை விழுங்கியோ, காலைச் சாப்பாட்டை மறந்துபோன அப்பாயிக்கு, சீனி 70க்குக் கீழே இறங்கி, உடம்பு வியர்த்து, பேச்சுத் தடுமாறும்போது, கடிகாரம் 110 என்று சாந்தமாகக் காட்டுமானால், வீட்டார் அவரைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு நிம்மதியாயிருப்பார்கள் அல்லவா? அந்த நேரத்தில் தேவை மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தேத்தண்ணி. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு ஓர் அழைப்பு. பிள்ளைகளே, பரிசளிக்க ஆசையிருந்தால் விரலில் குத்திப் பார்க்கும் மெஷினையும், அதற்குரிய பட்டிகளையும் மாதாமாதம் வாங்கி அனுப்புங்கள். பட்டி தீர்ந்த மெஷினால் ஒரு பிரயோஜனமுமில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை வார்த்தை வேண்டாம். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி 98 காட்டினால் நெஞ்சுவலிக்குப் பயப்படவேண்டாம் என்பது தவறு. மாரடைப்பிலும் அது 98 காட்டக்கூடும், நம் ஊர்க் குளிரில் விறைத்த விரலில் பிழையாகவும் காட்டும். வீட்டிலே பார்க்கும் பிரஷர் மெஷின் எல்லாமே பொய் என்பதும் தவறு; ஐந்து நிமிஷம் பேசாமல் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, பொருத்தமான பட்டையைக் கட்டிப் பார்த்தால், சரிபார்க்கப்பட்ட மெஷின் நம்பத்தக்கதே. தொலைவிலிருந்து பார்க்கும் வைத்தியம் ஏமாற்று என்பாரும் உளர்; அதுவும் தவறு. 2000ஆம் ஆண்டிலேயே ஆந்திராவின் அரகொண்டா கிராமத்து நோயாளிகளை நகரத்து நிபுணர்கள் திரையில் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அங்கேயும் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருந்தார் என்பதை மறக்கக்கூடாது.

எந்தக் கருவியாயினும், அது கூப்பிட்டால் வந்து சேர ஒருவர் வேண்டும். அவர் வந்து சேர வீட்டுக்கு ஒரு விலாசம் வேண்டும். 2020இல் ஊரடங்கு வேளையில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர்கள் வீடுவீடாகக் கொண்டுசென்றார்கள். தனக்கென விலாசமில்லாமல், வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஒப்பீசைச் சுற்றிக்கொண்டு வரும் லயத்துக்கு அந்தச் சேவை எப்படி ஒழுங்காய் எட்டும்? 1990க்கு அழைத்தவர் "பெரிய மரத்துக்குக் கீழ் லயம்" என்றால் இருட்டில் சாரதி எதைத் தேடுவார்? ஆகவே லயம் லயமாக, காம்பரா காம்பராவாக இலக்கமும் விலாசமும் தரும்படி தோட்ட நிர்வாகத்தையும் பிரதேச சபையையும் விடாது கேளுங்கள். அது கிடைக்கும்வரை, கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் லயத்துக்கு வரும் பாதையையும், அந்திக்குப்பின் ஸ்டேஷன் சந்தியில் விளக்கோடு நின்று வழிகாட்டக்கூடிய ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் இன்றைக்கே எழுதிவையுங்கள்.