நோட்டைப் பார்க்கும் நேரத்துக்கு விலை வை

வில்லியனூர்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஆன்லைனில் கணக்கு ட்யூஷன் ஆரம்பிக்கப் போகிறேன், மாதம் எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாமல் போகும். நாளைக்கு யாராவது பேரம் பேசினால் தடுமாறுவாய். அதனால் எழுதுகிறேன். பி.எட். முடித்த கையோடு, பாகூரில் இருந்தபடியே சொந்தக் காலில் நிற்க நினைத்தாயே, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதலில் நீ எதை விற்கப் போகிறாய் என்பதில் தெளிவாக இரு. பாடம் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் சல்மான் கான் 2004இல் தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது கான் அகாடமியாக வளர்ந்து, உலகம் முழுக்கக் காசில்லாமல் கிடைக்கிறது. ஃபிசிக்ஸ்வாலா போன்ற நிறுவனங்கள் ஒரே பாடத்தை ஏராளமான பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் நடத்துவதால் குறைந்த கட்டணம் வாங்க முடிகிறது. அவர்களோடு விலையில் போட்டி போடாதே. போடவும் தேவையில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆள் இல்லாமல் இல்லை, நோட்டைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அடைப்புக்குறியை நீக்கிக் கணக்குப் போடுகிறது என்று வை. வெளியே மைனஸ் 3, உள்ளே கடைசியில் மைனஸ் 4. பிளஸ் 12 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 12 என்று எழுதும். "மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் என்ன?" என்று கேட்டால் "பிளஸ்" என்று பட்டென்று சொல்லும். விதி தெரியும், ஆனால் அந்த 4க்கு முன்னால் உள்ள கோடு 4க்குச் சொந்தமானது என்று அதன் கண்ணுக்குப் படவில்லை. எந்த வீடியோவும் இதைக் கண்டுபிடிக்காது. வாட்ஸ்அப்பில் மங்கலாக வந்த நோட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எந்த வரியில் பிள்ளை தடுக்கி விழுந்தது என்று கண்டுபிடிக்கிற உன் பத்து நிமிஷம்தான் உன் தொழில். விலையை அதற்கு வை.

இந்த உதவி இப்போது நம் பக்கத்துக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. புதுச்சேரிக்கென்று தனிப் பாடத்திட்டம் கிடையாது, நம் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் புத்தகத்தையே படித்து வந்தார்கள். அரசுப் பள்ளிகள் முழுக்க சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025இல்தான் முதன்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். கையில் இருப்பது என்.சி.இ.ஆர்.டி.யின் ஆங்கிலப் புத்தகம், வீட்டில் பேசுவது தமிழ். கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் விழிக்கிற பிள்ளைகள் நிறைய. நீ தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் எழுதப் பழக்கினால் அதுவே பெரிய உதவி. தனியார் பள்ளிகளில் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே இருப்பதால், இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே குழுவில் கலக்காதே. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள் உண்டு. எந்தப் பிள்ளை எதை எழுதுகிறது என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள். 2026 முதல் பத்தாம் வகுப்பினர் மே மாதம் இன்னொரு முறை எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள வழி வந்திருப்பதால், பிப்ரவரித் தேர்வோடு உன் வேலை முடியாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அக்கம்பக்கத்தில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னால், உனக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுது. 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,80,000. விடுமுறை மாதங்களில் பிள்ளைகள் குறைவார்கள், ஆகவே பத்து மாதம்தான் வரவு என்று வைத்தால் மாதம் 18,000 வர வேண்டும். வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி நேரம், மாதத்துக்கு 90 மணி நேரம் இந்த வேலைக்கு ஒதுக்க முடியும் என்றால், உன் ஒரு மணி நேரத்தின் விலை 200 ரூபாய்.

இங்கேதான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். திரையில் தெரிகிற நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஐந்து பிள்ளைகள் கொண்ட ஒரு குழுவுக்கு வாரம் மூன்று வகுப்பு எடுத்தால் திரையில் மூன்று மணி நேரம். ஒவ்வொரு வகுப்புக்கும் அரை மணி நேரம் தயாரிப்பு, அது ஒன்றரை. ஒரு நோட்டுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஐந்து நோட்டு, மூன்று முறை, இரண்டரை மணி நேரம். பெற்றோரிடம் பேசவும் வரவு செலவு எழுதவும் அரை மணி. கூட்டினால் ஏழரை மணி நேரம். மாதத்துக்கு 30 மணி நேரம், 6,000 ரூபாய். இன்டர்நெட், எழுதுபலகை, கரண்டு என்று மாதம் 1,500 செலவை மூன்று குழுவுக்குப் பிரித்து 500 சேர்த்தால் 6,500. ஐந்தால் வகுத்தால் பிள்ளைக்கு 1,300 ரூபாய். மூன்று குழு நடத்தினால் உன் 90 மணி நேரமும் நிறைந்துவிடும். ஒரே வகுப்புக்கு இரண்டு குழு அமைந்தால் தயாரிப்பு நேரம் மிச்சமாகும். அந்த மிச்சம் கரண்டு போகிற நாளுக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் இருக்கட்டும்.

தனியாக ஒரே பிள்ளைக்கு எடுத்தால், பெற்றோரிடம் பேசும் நேரம் பாதியாகக் குறைந்தாலும் வாரம் ஐந்தேகால் மணி நேரம் ஆகும், செலவைச் சேர்க்காமலே மாதம் 4,200 கேட்க வேண்டிவரும். அந்தப் பணம் நம் ஊரில் வெகு சில வீடுகளில்தான் உண்டு. ஆகவே குழுவாக நடத்து. ஆனால் ஆறு பேருக்கு மேல் சேர்க்காதே, அதற்கு மேல் போனால் நோட்டைப் பார்க்க முடியாது. நோட்டைப் பார்க்காத வகுப்புக்கு இந்தக் கட்டணம் நியாயமில்லை.

1,300 ரூபாய் கட்ட முடியாதவர்கள் வருவார்கள். குறைத்துக் கேட்டால் விலையை மட்டும் குறைக்காதே, வேலையையும் சேர்த்துக் குறை. வாரம் இரண்டு வகுப்பு என்று ஒரு குழு வைத்தால் இதே கணக்கில் சுமார் 930 வரும். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற வீடுகளில் பணம் வாரக் கூலியாகத்தான் வருகிறது. அவர்களிடம் மாதக் கடைசியில் மொத்தமாகக் கேட்பதைவிட வாரம் 325 என்று வாங்கிக்கொள். ஐந்து பேர் கட்டணத்தில் கணக்கு நேராகிவிடும், ஆறாவது இடத்தை இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கொடு. அதற்குக் கூடுதலாக ஆவது வாரத்துக்கு அரை மணி நேரம்தான். யாருக்குக் கொடுத்தாய் என்று யாரிடமும், மற்றப் பிள்ளைகளிடமும் சொல்லாதே. சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த இடத்தைக் கேட்பார்கள். வசதி உள்ளவர் யாராக இருந்தாலும் கட்டணம் ஒன்றே.

"படிப்புச் சொல்லித்தரக் காசா?" என்று உன்னைக் கேட்பவர்களுக்குப் பாகூரிலேயே பதில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் வித்யாஸ்தானம் என்ற கல்லூரி இருந்தது. அதை நடத்த மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படித்தவர்கள் கவலையில்லாமல் சொல்லிக்கொடுக்க மூன்று ஊர் விளைச்சல் தேவைப்பட்டிருக்கிறது. அப்போதும் கல்விக்கு ஒருவர் பொருள் கொடுத்துத்தான் வந்திருக்கிறார். நியாயமான கட்டணம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நம்மைவிடப் பெரிய நிறுவனங்கள் கண்ட அனுபவத்தையும் பார். 2005இல் பெங்களூரில் கே. கணேஷ் தொடங்கிய டியூட்டர்விஸ்டா, நம் நாட்டு ஆசிரியர்களை வைத்து அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் பாடம் நடத்தியது. மாதம் சுமார் 100 டாலர், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கற்கலாம் என்பது திட்டம். ஏராளமான ஆசிரியர்களை வைத்திருக்கிற நிறுவனம் அப்படிச் சொல்லலாம், தனி ஒருத்தி சொல்லக் கூடாது. "எப்போது வேண்டுமானாலும் சந்தேகம் கேள்" என்று நீ சொன்னால் இரவு பதினொன்றுக்கும் போன் அடிக்கும். சந்தேகத்துக்கு ஒரு நேரம் குறித்துக் கொடு. அந்த நிறுவனம் பிறகு பியர்சன் நிறுவனத்தின் கைக்குப் போய், 2017இல் பைஜூஸிடம் வந்தது. பைஜூஸின் கதை உனக்கே தெரியும். கண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியர் கட்டிய நிறுவனம் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. பெற்றோரைக் கடன் வாங்க வைத்துப் பாடம் விற்பதாகப் புகார் எழுந்து, அதே ஆண்டு டிசம்பரில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் விளக்கம் கேட்டு அழைத்தது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. நீ இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு வருஷப் பணத்தை முன்கூட்டி வாங்காதே. மாதத்துக்கு மாதம் வாங்கு. பிடிக்காதவர்கள் மறு மாதம் விலகிக்கொள்ளட்டும். விலகிவிடுவார்களே என்ற பயம் உன் வகுப்பைத் தரமாக வைத்திருக்கும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளையும் நினைத்துப் பார். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் சொல்தா என்று நாம் சொல்கிற பிரெஞ்சுப் படைவீரர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று பாரிஸ் பக்கம் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கைவிடத் தமிழ் பேசவும் படிக்கவும் சொல்லித்தர ஆள் தேவை. பிரான்சில் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதன்கிழமை பெரும்பாலும் விடுமுறை அல்லது அரை நாள். அங்கே பகல் இரண்டு மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் ஆறரை, கோடையில் ஐந்தரை. அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 11 யூரோவுக்கு மேல், ஆகவே நீ பத்து யூரோ கேட்பது பேராசை ஆகாது. பணம் உன் வங்கிக் கணக்குக்கே நேராக வரட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், யூரோ வருகிறதென்று பக்கத்துச் சேலியமேட்டுப் பிள்ளையின் வகுப்பை ஒருநாளும் தள்ளிப்போடாதே.

சில விதிகளையும் தெரிந்து வைத்துக்கொள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. நாளை பள்ளியில் வேலை கிடைத்தால் இதை நிறுத்திவிட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. கோச்சிங் மையங்களுக்கு 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் ஐம்பது பேருக்கு மேல் உள்ள மையங்களுக்கானது என்றாலும், அதில் இரண்டை நீயும் கடைப்பிடி: இடையில் விலகும் பிள்ளைக்கு மீதிக் கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பிக் கொடு, இத்தனை மதிப்பெண் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

வகுப்பு நேரத்தை வீட்டு நிலைமை பார்த்து வை. பல வீடுகளில் ஒரே போன். அப்பா சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலிருந்து வந்த பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். ஏழரைக்கு முன்னால் குழு வகுப்பு வைத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். கூகுள் மீட்டில் இலவசக் கணக்குக்கே ஒரு மணி நேரம் கிடைக்கிறது. ஆரம்பத்தில் அது போதும், கடன் வாங்கி லேப்டாப் எதுவும் வாங்காதே. பெற்றோரின் எண்ணிலேயே பேசு. எந்தப் பிள்ளையின் படத்தையும் மதிப்பெண்ணையும் ஸ்டேட்டஸில் போடாதே. முதல் மாதம் இலவசம் என்று விளம்பரம் செய்யாதே, முதல் வகுப்பு ஒன்று மட்டும் இலவசமாக இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பின்னமும் மைனஸ் எண்ணும் எவ்வளவு தெரிகிறது என்று சோதித்து, பெற்றோரிடம் உள்ளதை உள்ளபடி சொல். கட்டணத்தை ஏற்ற வேண்டுமானால் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஏற்று, இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடு.

வருகிற மாதம் ஒன்றாம் தேதி, ஐந்து பிள்ளைகளோடு ஒரே ஒரு குழுவை ஆரம்பி. கட்டணம் 1,300 ரூபாய். யார் கேட்டாலும் தயங்காமல் அதையே சொல். அந்தப் பணத்துக்கு ஈடாக ஒவ்வொரு நோட்டையும் ஒவ்வொரு முறையும் கடைசி வரி வரைக்கும் பார்.

அன்புடன்,
உன் பெரியம்மா